ஆர்லீன் எடைபோட்ட ஆறு கணிப்புகள்

ஆர்லீன் குபிசெக் தன் காலமெல்லாம் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்துச் சோளம் அத்தனையும் அவள் கண்ணில் படாமல் போனதில்லை. ஈரச் சோளத்தைக் காய்ந்ததென்று சாதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அவளுடைய மச்சினனே ஒருமுறை அப்படி வந்து நின்றான். "லாரியை ஓரங்கட்டு, அடுத்த ஆள் வரட்டும்" என்றாள், அதோடு சரி. வேலையை விட்ட பிறகும் ஊர் அவளை விடவில்லை.

இப்போது அவள் அளப்பது ஆருடத்தை. கல்லூரிப் பையன்கள் ஆடும் கால்பந்துக்கு எங்கள் ஊரில் ஆறு பேர் ஆருடம் சொல்கிறார்கள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்று மட்டும் இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் சோறு தண்ணி கிடைக்காது. வியாழக்கிழமை காலையில் வில்மாவின் காபிக் கடையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சனிக்கிழமை எங்கள் மாநில அணியின் ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எவர் எண் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தது என்று திங்கட்கிழமை ஆர்லீன் தீர்ப்புச் சொல்வாள்.

ஆறு பேருக்கும் ஆறு வழி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற மைலோ ஹ்ருஷ்கா, நாட்டிலுள்ள அணிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுத் தரவரிசை தயாரிக்கிறான். இன்னொருவர் பத்திரிகைக்காரர்களின் தரவரிசையை நம்புகிறார், வேறொருவர் பயிற்சியாளர்களுடையதை. டுவேன் ப்ரோகோப்புக்கு மட்டும் வழி என்று எதுவும் கிடையாது. எந்த அணி இளைத்துக் கிடக்கிறதோ அதுதான் ஜெயிக்கும் என்பான். வருஷா வருஷம் மைலோ முதல், டுவேன் கடைசி.

டுவேனுக்கு அதில் வருத்தமில்லை. மனைவி ஜோலீன் இறந்துபோன பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வருவது அந்த வியாழக்கிழமை ஒன்றுக்குத்தான். சவரம் செய்துகொள்வதும் அன்றைக்குத்தான். அந்த மேஜையும் இல்லையென்றால் அந்த மனுஷன் என்ன ஆவான் என்று ஆர்லீன் நினைத்துப் பார்க்கவே பயந்தாள்.

அப்படியிருக்க, பருவம் முடியப்போகிற நேரத்தில் மைலோ அவளைக் கடை வாசலில் தனியாகப் பிடித்தான். பக்கத்து ஊர் கிரெஸ்வில்லுக்கும் எங்களுக்கும் ஒரு பந்தயம் உண்டு. எங்கள் மாநில அணியின் கடைசி ஆட்டத்துக்கு ஊருக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். எந்த ஊர் எண் அதிகம் தப்புகிறதோ அந்த ஊர் மற்ற ஊருக்கு சில்லி என்கிற மாட்டிறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் ஆக்கிப் போட வேண்டும். ஆறு பேர் எண்களையும் கூட்டி ஆறால் வகுத்தால் எங்கள் எண்.

"மூணு வருஷமா நாமதான் ஆக்கிப் போட்டுக்கிட்டிருக்கோம், ஆர்லீன். அந்த டுவேன் எண்ணைச் சேர்க்கிறதாலதான் எல்லாம் கெடுது. அவனை விட்டுடலாம். நீ சொன்னா ஏத்துப்பான்."

"எடை போடாம நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஆர்லீன். உள்ளுக்குள் மைலோ சொல்வது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. அதை எப்படித்தான் டுவேன் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

வீட்டுக்குப் போய், போன இரண்டு வருஷத்துக் கணிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டாள். முதலில் ஆறையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு டுவேனை எடுத்துவிட்டுப் பார்த்தாள். தப்பு குறைய வேண்டியது, கூடியது! எங்கேயோ மாற்றிப் போட்டுவிட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். அதே கதைதான். சரி, குறும்புக்கு மைலோவை எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தாள். தப்பு அப்படியே இருந்தது, அசையவில்லை. ஆர்லீன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். ஐந்து பேரும் ஐந்து வழியில் கணக்குப் போட்டாலும், ஐந்து பேருக்கும் எங்கள் மாநில அணி என்றால் உயிர். பாசத்தில் ஆளுக்கு நாலைந்து புள்ளி கூடுதலாகவே போட்டுவிடுகிறார்கள். எல்லார் தப்பும் ஒரே பக்கம் சாய்கிறது. பெரும்பாலும் எங்கள் அணிதான் பலமானது என்பதால், மறுபக்கம் சாய்கிறவன் டுவேன் ஒருத்தன்தான்; தராசை நேராக்குகிறவனும் அவன்தான்.

வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. வில்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. வாசலில் மைலோ பேசியதைக் கேட்டிருந்தவள், அதை டுவேன் காதில் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை டுவேன் வந்தான். மழுமழுவென்று சவரம் செய்திருந்தான். கடைசி ஆட்டத்தில் எதிரணி அந்த வருஷம் இரண்டே ஆட்டம் ஜெயித்த நோஞ்சான் அணி. டுவேனுக்கென்றே செய்து அனுப்பியது மாதிரி. ஆனால் அவன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம பசங்கதான் ஜெயிப்பாங்க. இருபத்து மூணு புள்ளி" என்றான்.

"அப்பாடா, ஒருவழியா புத்தி வந்துச்சு!" என்றான் மைலோ.

ஆர்லீன் அந்த எண்ணை எழுதவில்லை. "டுவேன், இது உன் எண்தானா?"

"யார் எண்ணா இருந்தா என்ன? பேப்பர்ல பார்த்துச் சொன்னேன்." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "எந்த எண் வேணும்னு சொல்லுங்க, அதையே சொல்லிட்டுப் போறேன். எனக்கு உட்கார இடம் இருந்தாப் போதும்."

மைலோ கழுத்துவரை சிவந்துபோனான். இதைக் கேட்கவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று ஆர்லீனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கணக்கை மேஜையில் விரித்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஆக, இவனை எடுத்தா நமக்குத்தான் நஷ்டம்."

"என்னை எடுத்தா?" என்று வாயைக் கொடுத்தான் மைலோ.

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணுமேவா?"

"உன்னை மாதிரி இங்க இன்னும் நாலு பேர் இருக்காங்கப்பா."

வில்மா காபிக் கூஜாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மைலோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கணக்கை ஒருமுறை பார்த்தான், மறுமுறையும் பார்த்தான். "பாழாப்போன கணக்கு சரியாத்தான் இருக்கு. டுவேன், நான் பேசினது தப்புய்யா."

"அப்ப நான் தப்பாவே சொல்லிக்கிட்டு இருக்கணுமா?" என்று டுவேன் ஆர்லீனைக் கேட்டான்.

"நீ மனசுல நினைக்கிறதைச் சொல்லு. தப்பு தானா வந்துடும்."

டுவேனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஜோலீன்கிட்ட தொத்திக்கிட்ட வியாதி இது. எந்த ஆட்டமா இருந்தாலும் தோக்கறவன் பக்கம்தான் கத்துவா. என்னைக் கட்டிக்கிட்டதும் அப்படித்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சரி, எழுதிக்கோ. எதிர்ப் பசங்கதான் ஜெயிக்கிறாங்க. மூணு புள்ளி."

"அடத் துரோகி!" என்று மேஜையே கத்தியது. ஆர்லீன் அதை மற்ற ஐந்தோடு சேர்த்தாள். ஊர் எண் பதினெட்டுக்கு வந்து நின்றது. கிரெஸ்வில் இருபது என்று சொல்லியிருந்தது.

சனிக்கிழமை எங்கள் பையன்கள் பதினேழு புள்ளியில் ஜெயித்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் கிரெஸ்வில்காரர்கள் அண்டா அண்டாவாகச் சில்லி கொண்டுவந்து இறக்கினார்கள். இருபது புள்ளி தப்பிய டுவேன் நடுநாயகமாக உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டு, அந்த நோஞ்சான் அணி எப்படி ஜெயித்திருக்க வேண்டியது என்று ஒரு கிரெஸ்வில்காரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ஆர்லீன் மூன்றாவது ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். கேட்டுக் கேட்டு அசந்துபோன அந்த ஆள் மைலோ பக்கம் திரும்பினான்.

"உங்க ஊர்ல நல்லாக் கணிக்கிறவர் இவர்தானா?"

"ஆறு பேர்லயும் படுமோசம் இவன்தான்" என்றான் மைலோ. "நீங்க கேட்டாலும் தர மாட்டோம்."