மலையில் செய்த சத்தியமும் அண்ணி கேட்ட கேள்வியும்

எங்கள் வீட்டில் வாய்க்குக் குறைச்சலே இல்லை, என்னையும் சேர்த்து. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிற துணிச்சல் அண்ணிக்கு மட்டும்தான் இருந்தது.

ஹெப்பாளில் தொழிற்சாலை வேலையில் இருந்த அண்ணன், ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துக் குடியை விட்டிருந்தான். மாத்திரை, ஆலோசகர் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஹனூர்க்காரியான அம்மாவுக்கு அது போதவில்லை. அவனைத் தன் ஊர்ப்பக்கத்து மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போய், இனிக் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் வாங்கிவிட்டாள். மலையில் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "நோவுக்கு எதுக்குங்கத்தை சத்தியம்?" என்று அண்ணி கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து, உடன் வேலை பார்த்தவரின் பிரிவு விருந்தில் அண்ணன் குடித்துவிட்டான். மறுநாள் காலை நான் அண்ணனும் அண்ணியும் அம்மாவும் இருக்கும் விஜயநகர் வீட்டுக்குப் போனபோது குளித்து, திருநீறு பூசி, சாந்தமாக உட்கார்ந்திருந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "அம்மாவப் பாத்துக்கம்மா" என்றான். பையன் திருந்திவிட்டான் என்று அம்மாவுக்கு ஒரே நிம்மதி.

அண்ணிக்கு அந்தச் சாந்தம் பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, சாகோணும்னு தோணுதுங்களா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அம்மா சீறினாள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பதில் சொல்லும்வரை அப்படியே இருந்தாள்.

"ஆமா. சத்தியத்த மீறிட்டேன். இனி நான் இருந்தா உங்களுக்குத்தான் கேடு" என்றான்.

"மறுபடி குடிக்கறதும் இந்த நோவுல வர்றதுதான்னு டாக்டர் சொன்னாருங்களே. நீங்க இல்லாம போறதுதாங்க எங்களுக்குக் கேடு."

அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அங்கேயே ஆலோசகருக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்தாள். என்னைக் காரை எடுக்கச் சொன்னாள். அவனைத் தனியே விடக்கூடாதென்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அண்ணன் இன்று எங்களோடு இருக்கிறான் என்றால் அது அவளால்தான். அந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்தாலே பெரிது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியம் கேட்டது நானு. மாதேஸ்வரன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ இரு கண்ணு, அது போதும்" என்றாள். அதுவரை சாந்தமாக இருந்த அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.