பிராகோ பிடித்த சாவுக் கடிதம்

குமாசி நகரத்தில் எங்கள் சின்ன இணையக் கம்பெனியில் குப்பை மின்னஞ்சல் பிடிக்கிற வேலை பிராகோவுக்கு. விசிட்டிங் கார்டில் என்னவோ நீளமான பதவி போட்டிருக்கும். அவளே அதை வாசித்துச் சிரிப்பாள்.

அந்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து போகும் மின்னஞ்சல் கடிதங்களை வெளிநாட்டுக்காரன் வாசலிலேயே திருப்பிக்கொண்டிருந்தான். "மறைந்த தலைவரின் விதவை எழுதுகிறேன், என் கணவர் விட்டுப்போன தங்கத்தைக் காப்பாற்ற உதவுங்கள்" என்று இணையக் கஃபேயில் உட்கார்ந்து உலகத்துக்கே எழுதிக்கொண்டிருந்த நாலு போக்கிரிகள்தான் காரணம். அவன்கள் செய்ததற்கு ஊரே அவமானப்பட்டது. பேராசிரியர் அனுப்பியதும் திரும்பும், கோகோ வியாபாரி அனுப்பியதும் திரும்பும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெளியே போகும் கடிதங்களை நாமே சலித்து அனுப்பலாம் என்றாள் பிராகோ. ஆனால் குப்பை என்றால் எது? அதற்கே மூன்று வாரம் சண்டை.

"படிச்சா எரிச்சல் வர்றதெல்லாம் குப்பைதான்" என்றேன்.

"அப்ப உன் மாமியார் எழுதுறதையும் பிடிச்சு வெக்கவா, போவாடி?" போவாடி என் பேர்.

கடைசியில் ஒரு விளக்கத்தை எழுதித் தன் கம்ப்யூட்டருக்கு மேல் ஒட்டினாள். யாரும் கேட்காமல் வருவது, கூட்டத்துக்கே வருவது, எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவது. மூன்றும் சேர்ந்தால் சந்தேகம். அதோடு 'மறைந்த', 'விதவை', 'தலைவர்', 'வாரிசு', 'கடவுள் ஆசீர்வதிப்பார்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண். பத்தைத் தாண்டிய கடிதம் ஒரு பெட்டியில் போய் அடைபடும். அந்தப் பெட்டிக்கு லாக்கப் என்று பேர் வைத்தோம். தினமும் அவள் அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்து, அப்பாவிகளை விடுவித்துவிட்டு மற்றதை அழிப்பாள். இரண்டே மாதத்தில் வெளிநாட்டுக் கதவுகள் திறந்தன. முதலாளி எங்களுக்குக் கோழி வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் கிராமத் தலைவராயிருந்த அவளுடைய தாய்மாமன் ஒஃபோரி காலமானார். இரண்டு வாரம் லீவு போட்டாள்.

"லாக்கப்பை உன்னை நம்பி விட்டுட்டுப் போறேன். ஒண்ணொண்ணா பாத்து அழி."

"இதுகூடத் தெரியாதா எனக்கு? போயிட்டு வா."

இரண்டு நாள் ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றாம் நாள் கால்பந்து மேட்ச். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு. சுலபமாக இருந்ததா, அதற்குப் பிறகு தினமும் அப்படியே.

திரும்பி வந்தவள் முகம் சரியில்லை. மதியம் ஃபுஃபூக் களியைப் பிசைந்தபடியே புலம்பினாள். எங்கள் வழக்கப்படி அப்பாவுக்குச் சவப்பெட்டி பிள்ளைகள்தான் கொண்டுவர வேண்டும். மாமனுக்கு ஒரே மகன் பெம்பா, ஹாம்பர்க்கில் இருக்கிறான். குடும்பத் தலைவர் கியாவு முறைப்படி கடிதம் எழுதி, கஃபேயில் கொடுத்து முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பியிருக்கிறார். மகனிடமிருந்து பதிலே இல்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் குடும்பமே பெட்டி வாங்கிடும். அதுக்கப்புறம் அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவே முடியாது."

"ஒரு போன் போட்டா என்ன?"

"பெரியவர் விடமாட்டார். கடிதம் போன இடத்துக்குப் போன்ல கெஞ்சணுமாங்கிறார். எனக்கும் கோவம்தான். அப்பன் செத்ததுக்குக்கூட ஒரு வரி எழுதலை. அவனோட ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தேன் நான்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "எந்த கஃபேன்னு நான் கேக்கவே இல்லையே. நம்ம லைன் உள்ள கஃபேயா இருந்தா? லாக்கப்பை ஒழுங்கா பாத்தே இல்ல?"

நான் வாய் நிறைய ஃபுஃபூவைத் திணித்துக்கொண்டேன்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். கடிதம் அழிந்துவிட்டது. தலைப்பும் மதிப்பெண்ணும் மட்டும் பதிவேட்டில் இருந்தன. மறைந்த தலைவர் ஒஃபோரியின் இறுதிச் சடங்கு. பதினான்கு மதிப்பெண்.

"சாவு வீட்டுல 'மறைந்த'ன்னு எழுதாம வேற என்னத்தைடா எழுதுவாங்க?" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

பெம்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் கரகரத்தது. அப்பா போன செய்தி முதல் நாளே அவன் காதுக்கு வந்துவிட்டதாம். ஆனால் குடும்பத் தலைவரின் கடிதம் வராமல் எந்த முகத்தோடு வருவான்?

"என்னை ஒதுக்கிட்டாங்கன்னு நெனச்சேன், பிராகோ. தினம் காலைல குப்பைப் பெட்டியைக்கூடக் கிளறிப் பாத்தேன். அதுலயும் இல்லை."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

அன்று சாயங்காலமே கியாவு வீட்டுக்குப் போனோம். கறுப்புத் துணி சுற்றிய பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிராகோ செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கியாவுவை 'நானா' என்று மரியாதையாக விளித்து, நடந்ததைச் சொன்னாள்.

"மெஷினா அழிச்சுது?" என்றார் கியாவு.

"மெஷினைச் செஞ்சது நான், நானா. தப்பு என்னோடது."

என் பேரை அவள் எடுக்கவே இல்லை. என்னால் உட்கார முடியவில்லை.

"அழிச்சது நான்தான், நானா. படிக்காம."

"நீ யாருடா?"

"அவகூட வேலை பாக்கிறவன். ஆனா அவ அளவுக்கு ஒழுங்கா இல்ல."

யாரோ சிரித்தார்கள். கியாவு சிரிக்கவில்லை. "குப்பைன்னா என்னன்னு எதோ எழுதி வெச்சிருக்கியாமே. சொல்லு பொண்ணே."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "யாரும் கேக்காம வரும். கூட்டத்துக்கே வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும்."

கிழவர் மூன்றையும் விரல்விட்டு எண்ணினார்.

"நீ சாவைத்தான் எழுதி வெச்சிருக்கே" என்றார்.

அவளுக்கு ஓர் ஆடு அபராதம், எனக்கு இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம். அடக்கம் மூன்று வாரம் தள்ளிப்போனது. கடிதம் மறுபடி போனது. அதையும் சல்லடை பிடித்தது, இந்த முறை பிராகோ பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் விடுவித்தாள்.

பெம்பா விமானத்திலிருந்து நேராக வந்தான். நல்ல பெட்டிதான் எடுத்தான். மூடுவதற்கு முன், அந்தக் கடிதத்தைத் தாளில் அச்சடித்து நாலாக மடித்து வைத்திருந்ததைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அப்பாவிடம் காட்டினான். "வந்துடுச்சுப்பா" என்றான்.

திங்கட்கிழமை பிராகோ மொத்தமாக அழிக்கிற பொத்தானையே எடுத்துவிட்டாள். லாக்கப் இப்போது நிரந்தரமாக என் பொறுப்பு. தினமும் நானூறு விதவைகள் எனக்கு எழுதுகிறார்கள். ஒவ்வொருத்தியையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.