மூன்றாம் நம்பர் மேகம்

சூடேறிய கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் புழுதி வாசம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். சின்னமனூரில் அப்பா வைத்திருந்த ஸ்டுடியோவின் பின்னறையில், மேசைக்கு அடியில் மூடி கழற்றிய கோலத்தில் உறுமிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் என் பன்னிரண்டாம் வகுப்புச் சாயங்காலங்கள் முழுக்கக் கழிந்தன. முகூர்த்த நாட்களில் அப்பா கேமராவோடு கம்பம், போடி என்று போய்விடுவார். அம்மா முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருப்பார். எனக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான்.

வீடியோவை வெட்டி ஒட்டி அழகுபடுத்துவதற்கு எங்கள் பக்கத்தில் "மிக்சிங்" என்று பெயர். தாமரை விரிந்து அதற்குள் மணப்பெண் தோன்றுவது, புத்தகத் தாள் புரண்டு அடுத்த காட்சி வருவது, இதயம் இரண்டாகப் பிளந்து மாப்பிள்ளைக்கு வழிவிடுவது என்று அப்பாவின் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான "எபெக்ட்" கிடந்தன. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தே நான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். கண்ணீர் அஞ்சலி வீடியோ செய்கிற நாளில் மட்டும், வயசுப்பிள்ளை இதையெல்லாம் பார்க்கக் கூடாதென்று அப்பா கதவைச் சாத்திக்கொள்வார். "ஷூட்டிங்ல விட்டத மிக்சிங்ல புடிச்சிரலாம்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். அது வீடியோவுக்கு மட்டுமான வசனம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளியில் நான் "ஸ்டுடியோக்காரர் மக". என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள், பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயப்பன்பட்டி ஜெனிட்டா. அவள் இல்லாத நாட்களில் மதியச் சாப்பாட்டை நான் பேசாமல் தின்று பேசாமல் டிபன்பாக்ஸைக் கழுவி வைப்பேன். ஆண்டு விழாவுக்கு நாமே ஒரு பாட்டு எழுதி, வீடியோ எடுத்துத் திரையில் போடலாம் என்று வகுப்பு முடிவு செய்தபோது எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மூன்று வருடத்தில் அப்படித் திரும்பியது அதுதான் முதல் தடவை.

படப்பிடிப்பு ஜெனிட்டா வீட்டுத் திராட்சைத் தோட்டத்தில் நடந்தது. அவள் அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அம்மாதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். "பழத்தத் தின்னுங்க, கொடிய மட்டும் இழுத்துறாதீக" என்று சொல்லிவிட்டு, பந்தலுக்கடியில் நாங்கள் ஆடுவதை வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் அருகே வந்து கையை நீட்டினார். "அந்த மெசின என்கிட்டக் குடு தாயி. நான் புடிக்கிறேன். நீயும் போயி அங்கன நில்லு." அப்பாவின் கேமராவாயிற்றே என்று பயந்து நான் கொடுக்கவில்லை.

ஒரு வாரம் பின்னறையில் உட்கார்ந்து மிக்சிங் செய்தேன். வகுப்பு லீடருக்கு நெருப்பு வளையம், பாடியவளுக்கு நட்சத்திர மழை என்று ஆளுக்கொன்றாக வாரி வழங்கினேன். இருப்பதிலேயே அழகானதை ஜெனிட்டாவுக்காக எடுத்து வைத்திருந்தேன். அதன் பெயர் "கிளவுட் 3". முட்டை வடிவ வட்டத்துக்குள் முகம் மெல்ல மெல்ல மேலே போய் வெண்மேகத்தில் கரையும். இடமிருந்து வலமாக மூன்று வெள்ளைப் புறாக்கள் பறக்கும். அவள் சிரித்தபடி மேலே போவதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ.

விழாவன்று கைதட்டலுக்குக் குறைவில்லை. ஜெனிட்டாவின் மேகம் வந்தபோது மட்டும் பெற்றோர்கள் இருந்த பக்கம் பேச்சு நின்றது. கூட்டம் கலைகையில் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட நடமாடுற பிள்ளைய எதுக்குத் தாயி மேகத்துல ஏத்துன? இவுக அப்பாவுக்கு ஒங்கப்பா போட்டுக் குடுத்தாகளே, அதே மேகம், அதே புறா. அந்த இடத்த மட்டும் எடுத்துரு."

சாத்திய கதவுக்குள் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாளே பெட்டியின் முன் உட்கார்ந்தேன். மேகத்தை எடுத்தேன். பிறகும் பயம் போகவில்லை. ஜெனிட்டா பந்தலுக்கடியில் சுற்றுவதை வெட்டினேன். கும்பலில் அவள் முகம் தெரிந்த துண்டுகளையும் விடவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கை பட்டதால்தான் ஆயிற்று என்றாகிவிடுமோ என்று ஒரு கிறுக்குத்தனம். அந்த வீடியோதான் சி.டி.யாக வகுப்பு முழுக்கப் போனது. சொந்தத் தோட்டத்தில் எடுத்த பாட்டில் ஜெனிட்டா இல்லை.

"அம்மா மேகத்தத்தான் எடுக்கச் சொன்னாக," என்றாள் அவள். "என்னைய எடுக்கச் சொல்லல."

பிறகு பெஞ்ச் மாறி உட்கார்ந்தாள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தின் மதியச் சாப்பாடுகள் என் வாழ்க்கையிலேயே நீளமானவை. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மிக்சிங்கில் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு நேரில் பேசுகிற பழக்கம் வராது போலிருக்கிறது.

இப்போது சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எனக்கு எடிட்டிங்தான் வேலை. இன்றைய மென்பொருள் எதிலும் தாமரை விரிவதில்லை, இதயம் பிளப்பதில்லை. வெட்டியது கண்ணுக்குத் தெரியாமல் வெட்டுபவருக்குத்தான் மரியாதை. அப்பாவின் ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. உறுமும் பெட்டி எடைக்குப் போனது.

போன மாதம், இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஜெனிட்டாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கோட்டயத்தில் நர்ஸாக இருக்கிறாளாம். "அம்மா தவறிட்டாக. முப்பதாம் நாள் பூசைக்கு வீடியோ போடணும். அப்பாவுக்குப் போட்ட அதே மேகம் ஒங்கிட்ட இருக்கா?"

எங்கெங்கோ தேடினேன். ஆயிரம் மேகம் கிடைத்தது, அந்த மேகம் கிடைக்கவில்லை. கடைசியில், ஆண்டு விழாவில் போட்ட முதல் பிரதி என் பழைய சி.டி. ஒன்றில் அகப்பட்டது. அதில் மேகம் இருந்தது, ஆனால் நடுவில் பதினேழு வயது ஜெனிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முழுதாகக் கரைந்த பின் இரண்டே இரண்டு நொடி மேகம் வெறுமனே நின்றது. அந்த இரண்டு நொடியை மெதுவாக்கி இழுத்து இழுத்து, அவள் அனுப்பியிருந்த அம்மாவின் படத்தை வைத்து அனுப்பினேன்.

"அதே மேகந்தான். எங்கன இருந்து எடுத்த?" என்று கேட்டாள். நான் வெட்டாத அந்த முழு வீடியோவையே அனுப்பி வைத்தேன்.

பதில் வந்தது. "இதுல நான் இருக்கேன்." அதன் கீழே இன்னொரு வரி: "உன்னயத்தான் எங்கயும் காணோம்."

உண்மைதான். அன்று அந்தப் பந்தலுக்கடியில், மெசினைக் கொடு, நீயும் போய் நில் என்று என்னிடம் கை நீட்டியவர் ஒருவர்தான். அவரைத்தான் அதற்குச் சற்றுமுன் மேகத்தில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.