மரண அறிவித்தலுக்கு அழுதவள்

யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் நீண்ட காலம் கம்பியூட்டரில் டைப் செட்டிங் செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கம்பியூட்டருக்கு முன்னால் அந்தக் கதிரைகளில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. என்ன முறை?

அன்று காலை வந்த அவசர வேலை ஒரு மரண அறிவித்தல். வட்டுக்கோட்டையில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். கனடாவில் இருந்து வந்த மகள் என் பக்கத்தில் இருந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல அடித்தேன். எங்கள் ஊர் அறிவித்தல் தெரியும்தானே, மருமக்கள், பெறாமக்கள், சம்பந்தி என்று ஓர் உறவும் விடுபடக் கூடாது. விட்டால் செத்தவீட்டில் சண்டை வரும். அதனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பெரியவரின் படத்தைப் பெருப்பித்துத் துப்புரவாக்கும்போது என் கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் ஓடியது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். திரையைப் பார்த்தால் முதலில் எரியும், பிறகு ஓடும். கண் போனால் வேலையும் போய்விடுமே என்ற பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகள் பெயர் சொல்வதை நிறுத்தினாள்.

"அக்கா, அப்பாவைத் தெரியுமோ?"

"இல்லைப் பிள்ளை."

"தெரியாத ஆளுக்கோ உப்பிடி அழுறியள்? உண்மையைச் சொல்லுங்கோ. அவருக்கு நீங்கள் என்ன முறை?"

அறிவித்தலில் போட முடியாத உறவு என்று நினைக்கிறாள்! "அது கண்..." என்று தொடங்கினேன். முதலாளி உதவிக்கு வந்து காரியத்தைக் கெடுத்தார்.

"அவ எல்லாச் செத்தவைக்கும் அழுவா தங்கச்சி. நல்ல மனம்."

மகளின் முகம் இன்னும் இறுகியது. "அம்மா வாகனத்துக்குள்ளை இருக்கிறா. உங்களைக் கண்டா என்ன நினைப்பா?"

அதற்குள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். திரையில் இருந்த கணவரைப் பார்த்தார். செய்யாத குற்றத்தை மறைப்பவள் போல அவசரமாகக் கண்ணைத் துடைத்தேன். அவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லைப் பிள்ளை. ஏனெண்டு விளங்கேல்லை. சனம் ஒரு மாதிரிப் பாக்குது. நீயாவது அழு."

இது கம்பியூட்டர் செய்த வேலை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? தலையாட்டினேன்.

2. காய்ந்த கண்

அடுத்த நாளே கண் டொக்டரிடம் போனேன்.

"உங்கடை கண் காய்ஞ்சு போச்சு."

"தண்ணியெல்லோ ஓடுது டொக்டர்?"

"ஸ்கிரீனைப் பாக்கேக்கை கண்ணை மூடித் திறக்க மறந்து போறியள். காய்ஞ்சு எரியுது. அந்த எரிவைக் கழுவத்தான் உவ்வளவு தண்ணியும்."

பாதிதான் விளங்கியது. பார்வைக்கு ஆபத்தில்லை என்றார், அது போதும். சொட்டு மருந்து தந்து, அடிக்கடி திரையை விட்டுத் தூரத்தைப் பார்க்கச் சொன்னார். நீங்களும் பாருங்கள் பிள்ளைகளே. எரிந்தால் என்னைப் போல ஒளிக்காமல் சொல்லுங்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் அடிக்க அந்த அம்மா திரும்ப வந்தார். அதே படம் திரையில். மருந்தின் புண்ணியத்தில் என் கண் தெளிவாக இருந்தது.

"இண்டைக்கு அழேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நான் திரையை விட்டு எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.