கதவோரச் சீட்டு

இன்று குமுளி போன வேனில் கதவிடுக்கு வழியே மழைத்தண்ணீர் ஒழுகியது. கதவோரம் இருந்த பெண்ணிடம் டிரைவர், "கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கக்கா" என்றார்.

எண்பதுகளில் கூடலூரிலிருந்து ஏலக்காய் எடுக்க எங்களை ஏற்றிப்போன வேனும் இப்படித்தான். தள்ளிச் சாத்தும் கதவு, சரியாகப் பொருந்தாது. எங்களோடு வேலைக்கு வந்த பேச்சியக்காதான் அதை இழுத்துப் பிடித்தபடி நனைந்துகொண்டே வருவாள்.

"ஒர்க்‌ஷாப்புல ஒருக்கா காட்டுங்கண்ணே" என்று வேன் ஓனரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவள், எழுந்திருக்கவில்லை.

அவள் கருமாதி முடிந்த பிறகுதான் ஓனர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

"எல்லாரும் ஏறி உக்காருங்க. வெறும் வண்டியில கதவு ரோலரச் சரிபண்ணுனா, ஆளு ஏறுனதும் பாடி இறங்கி மறுபடி இடுக்கு விழுந்துரும்" என்றார் மெக்கானிக்.

ஏறினோம். கதவோரச் சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

"அங்கனயும் ஒரு ஆளு வெயிட்டு வேணும்ல?" என்றார் மெக்கானிக்.

எஸ்டேட்டுக்குப் போகவேண்டிய உர மூட்டை ஒன்றைத் தூக்கி ஓனரே அங்கே வைத்தார். கதவு கச்சிதமாகப் பொருந்தியது.

அன்று மலையேறும்போது நல்ல மழை. மூட்டைமேல் ஒரு சொட்டு விழவில்லை.

உங்கள் வண்டியில் கதவோரம் யார் உட்காருகிறார்கள்?