ஆறாவது பெட்டை

எண்பத்தைந்தில், நான் தலைமை எழுதுவினைஞராக இருந்த அலுவலகத்திலிருந்து வேலையாகக் கொழும்புக்குப் போன சகா ஒருவரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். ‘பெட்டா மீன், ஐந்து.’ ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் பார்த்த படம்தான் காரணம். பட்டுச்சேலைத் தலைப்பை உதறி விரித்ததுபோல் செட்டை விரித்து நின்ற நீல மீன். சகா துண்டை ரயிலில் தொலைத்துவிட்டு நினைவிலிருந்து கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தான் ஒருவனின் நினைவில் ‘பெட்டா’ எவ்வளவு நேரம் பெட்டாவாகவே இருக்கும்? பெட்டை மீன் ஐந்து கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

“கடைக்காரன் சிரிச்சவன் ஐசே. ஆண் வேண்டாமோ, பெட்டையள் மட்டுமோ எண்டு மூண்டு தரம் கேட்டவன். எங்கடை தலைமை எழுதுவினைஞர் எழுதினா எழுதினதுதான் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார்.

பொலித்தீன் பைக்குள் ஐந்தும் கட்டைச் செட்டையோடு கிடந்தன. வெந்தயக் குழம்பின் நிறம் என்றாள் என் தங்கை. பிறகு புத்தகம் எடுப்பித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் நினைத்தபடி ஐந்து ஆண்கள் வந்திருந்தால் ஒன்றையொன்று கடித்துக் கொன்று விடியும்போது ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். பிழையாகக் கேட்டதால் சரியாக வந்தது. அரச சேவையில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடந்தன.

பெட்டைகளைச் சேர்த்து வளர்க்கலாம், ஆனால் முறை உண்டு. முறை உள்ள எதுவும் எனக்குப் பிடிக்கும். இணுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் தொட்டியை வைத்து, கிணற்றுத் தண்ணீரை இரண்டு நாள் ஆறவிட்டு, ஒன்றையொன்று எந்நேரமும் பார்க்க முடியாதபடி வேலம்பாசியை அடர்த்தியாகக் கட்டி, துணைக்குக் கொஞ்சம் கப்பி மீன்களையும் விட்டேன். விதிகளைத் தட்டச்சுச் செய்து தொட்டிக்கு மேலே ஒட்டினேன்.

ஒன்று: பெட்டைகளை ஒரே நாளில், ஒரே நேரத்தில் விடவேண்டும்.
இரண்டு: பின்னர் ஒன்றைத் தனியாகச் சேர்க்கக் கூடாது.
மூன்று: வெளியே எடுத்ததைத் திரும்ப விட்டால் அது புதியதாகவே கணிக்கப்படும்.

தாய் தகப்பன் போனபின் தங்கை என் பொறுப்பில் இருந்தாள். முப்பது வயது. சாதகத்தில் செவ்வாய், தலையில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், வாயில் கத்தி. தொட்டிக்குச் சாப்பாடு போடுவது அவள் வேலை. தென்னங்கன்றுக்கு வைத்த வாளித் தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிகளை வடித்துப் போடுவாள். மூன்று கிழமைக்குள் மீன்கள் தங்களுக்குள் வரிசை பிடித்துவிட்டன. பெரியது முதலில் தின்னும். மற்றவை முறைப்படி. கடைசி மீனின் வாலை எல்லாருமாகக் கடித்துத் தும்பாக்கியிருந்தார்கள். அதை ‘வாலறுந்தவள்’ என்றாள் தங்கை. அவளுக்கென்று ஒரு குடம்பியைத் தனியே வைத்திருந்து, மற்றவை பாசிக்குள் போன நேரம் பார்த்துப் போடுவாள்.

அடுத்த முறை கொழும்புக்குப் போன சகா, கேளாமலே இன்னொரு பெட்டை கொண்டுவந்தார். இது நல்ல நீலம்.

“அண்ணை, ரெண்டாவது விதி” என்றாள் தங்கை.

“விதி தெரியாதவனுக்குத்தான் விதி. முறையாய்ச் செய்தால் ஒண்டும் நடவாது.”

பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, விளக்கை அணைத்து, கால் மணித்தியாலம் பொறுத்து, முறையாகத்தான் விட்டேன். பெரியது வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. முதலில் கடித்தது வாலறுந்தவள். அன்றுவரை பாசிக்குள் ஒளிந்து திரிந்தவள், தனக்குக் கீழே ஒருத்தி வந்துவிட்டாள் என்று கண்டதும் ஒரே பாய்ச்சல். அதன் பிறகுதான் மற்றவை முறை வைத்து வந்தன. எடுத்துவிடச் சொல்லித் தங்கை கேட்டாள். எடுத்தால் மூன்றாம் விதி என்றேன். உண்மையில் எனக்கு என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. கொப்பியில் குறிப்பு எழுதினேன். மூன்றாம் நாள் நீலம் மூலையில், தண்ணீர்ப் பரப்போடு ஒட்டியபடி, செட்டை இல்லாமல் செத்துக் கிடந்தது.

வாலறுந்தவளுக்குத் தனிக் குடம்பி போடுவதை அன்றோடு தங்கை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருடம் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை சவூதியில். உடுப்பிட்டியில் வீடு. வீட்டில் தாயும், கரைசேராத நாலு சகோதரிமாரும். அவருக்கு இளைய தம்பி அப்போதுதான் கனடா போயிருந்தான். பெண் பார்க்க வந்த அன்று தாய் என் தங்கையின் பின்னலைக் கையில் ஏந்தி எடை பார்ப்பதுபோல் பார்த்து, “தலைமயிர் நல்ல நீளம்” என்றார். எங்கள் வழக்கப்படி பெண் சீதன வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் கொடுத்த சீதன வீடு தெல்லிப்பழைப் பக்கம், ராணுவ முகாமிலிருந்து ஷெல் வந்து விழும் எல்லைக்குள் இருந்தது. லீவு முடிந்து மாப்பிள்ளை போனதும் அவள் மாமியார் வீட்டில் இருப்பது என்று தீர்மானித்தோம். தற்காலிகமாக. முப்பது வருட சேவையில் நான் கண்ட தற்காலிக ஏற்பாடுகள் பலவும் என்னோடு சேர்ந்தே ஓய்வு பெற்றன.

“அஞ்சு பொம்பிளையள், ஒரு அடுப்பு. ஒரு நாள் சத்தம் கேட்டிருப்பியளோ? கோயில் மாதிரி வீடு” என்றார் தரகர்.

அவர் போனபின் தங்கை தொட்டியடியில் நின்றுகொண்டு சொன்னாள். “அண்ணை, உந்தத் தாளை ஒருக்கா வாசியுங்கோ.”

“அது மீனுக்கு எழுதினது.”

“ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை. வாசியுங்கோ எண்டனான்.”

“உன்ரை வாய்க்கு அந்த அஞ்சு பேரும்தான் பயப்பிடவேணும்” என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். தாளை வாசிக்கவில்லை.

மாப்பிள்ளை போய் ஐந்து மாதத்தின் பின் உடுப்பிட்டிக்கு அவளைப் பார்க்கப் போனேன். ஐந்து பேரும் கதிரைகளில் இருந்தார்கள். என் தங்கை குசினி வாசல் மூலையில், சுவரோடு ஒட்டி நின்றாள். பின்னல் இல்லை. தலைமயிர் கழுத்தோடு, கோணலாக வெட்டப்பட்டிருந்தது.

“பேன் பிடிச்சிட்டுது தம்பி” என்றார் மாமியார். “எங்களுக்கும் தொத்திப்போடுமெல்லே.”

“நான்தான் வெட்டி விட்டனான்” என்றாள் கடைசி மகள். அந்த வீட்டில் அதுவரை எல்லாரும் ஏவ ஓடித் திரிந்தவள் அவள். கலியாணப் பேச்சுக்குப் போனபோது தண்ணீர் அள்ளவும் முற்றம் கூட்டவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். இப்போது காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். “அண்ணி, தேத்தண்ணி கொண்டு வாங்கோ. சீனி போட மறந்திடாதேங்கோ. இவ மறக்கிறவ, நாங்கள் ஒண்டும் சொல்லுறேல்லை.”

தேநீரில் சீனி இல்லை. பூட்டியிருந்த சீனி டின்னின் திறப்பு மாமியாரின் இடுப்பில் தொங்கியது. தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அவள் தானாகவே வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. இரண்டு கிழமை தொட்டிக்கு முன்னால் இருந்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது: என் அம்மாவுடைய வீட்டில் இல்லாதவள் எனக்கு எந்த வீட்டிலும் வேண்டாம்.

முப்பத்திரண்டு வயதில் வாழாவெட்டியாக ஒரு தங்கையை வைத்திருப்பதா, அனுப்புவதா? நான் இருந்து உடன்படிக்கை எழுதினேன். தனியறை, வேலைப் பங்கீடு, மாதம் ஒரு முறை பிறந்த வீட்டுக்கு வந்து போதல், மூன்று மாதத்தின் பின் மீளாய்வு. இரண்டு பிரதி.

“மூண்டாவது விதியை என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டாள் தங்கை.

“எல்லாம் எழுத்திலை இருக்கு.”

“அதுவும் எழுத்திலைதான் இருக்கு அண்ணை. நீங்கள்தான் தட்டச்சடிச்சனீங்கள்.”

அதுதான் அவள் என்னோடு வாய்காட்டிய கடைசித் தடவை. உடுப்பிட்டியில் மாமியார் உடன்படிக்கையை முழுவதும் வாசித்தார். “ஒப்பம் தமிழிலை வைக்கவோ தம்பி, இங்கிலீசிலையோ?” என்று கேட்டு, அழகான கையெழுத்தில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் வந்துவிட்டேன். மூன்று மாதத்தில் சண்டையால் பாதைகள் மூடிக் கிடந்தன. மீளாய்வு நடக்கவில்லை. பாதைகள் திறந்த பிறகும் நடக்கவில்லை.

பெட்டைகள் இரண்டு மூன்று வருடத்துக்குமேல் இருப்பதில்லை. பெரியது முதலில் போனது. எல்லாருக்கும் பிந்தி, தனியொருத்தியாக நாலு மாதம் தொட்டியை ஆண்டுவிட்டு, வாலறுந்தவள் செத்தாள். தொண்ணூறில் மின்சாரமும் போய்விட்டது. தாள் மட்டும் சுவரில் இருந்தது.

நான் மறுபடி உடுப்பிட்டிக்குப் போனது அதன் பிறகு இரண்டு வருடம் கழித்து. வல்லை வெளியில் எதிர்க்காற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. தங்கை கதிரையில் இருந்தாள். பக்கத்தில் கடைசி மகள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அரை நிமிடம் அப்படி இருந்தது.

குசினி வாசல் மூலையில், சுவரோடு ஒட்டி, இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நின்றாள். மாப்பிள்ளையின் கனடாக்காரத் தம்பிக்குக் கலியாண எழுத்து முடித்த பெண். விசா வரும்வரை இங்கே இருக்கிறாளாம். தற்காலிகமாக. தலைமயிர் கழுத்தோடு, கோணலாக வெட்டப்பட்டிருந்தது.

நான் பார்ப்பதைத் தங்கை கண்டாள்.

“பேன் அண்ணை” என்றாள். “நான்தான் வெட்டி விட்டனான்.” பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே, “தேத்தண்ணி கொண்டு வாரும். பனங்கட்டி வைக்க மறந்திடாதையும்” என்றாள்.

சீனிக்குப் பதிலாகக் கடிக்கிற பனங்கட்டி வரவில்லை. நான் வெறும் தேநீரைக் குடித்தேன். புறப்பட்டபோது படலையைச் சாத்த அந்தப் பெண்பிள்ளைதான் பின்னால் வந்தாள். அலுவலகத்தில் மனுக்காரர்களைக் கேட்கிற குரலில் கேட்டேன்.

“உமக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?”

“ஒரு அண்ணை.”

“உம்மை வந்து பாத்தவரோ?”

“ஓம். போன மாதம் வந்தவர்” என்றாள். “தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.”