கையை எடுக்கும் இடம்

எங்கள் வீட்டுப் பியானோவை நான் ஒழுங்காகப் பழகியது அது மூடிக்கிடந்த வருடத்தில்தான். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சுவிங் என்கிற அந்த ஆட்ட இசையை எங்கே படித்தீர்கள் என்று கேட்பவர்களிடம் வாயில் வந்த ஒரு கதையைச் சொல்லித் தப்பிவிடுவேன்.

அந்தப் பியானோ, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு பறங்கிக் குடும்பத்திடமிருந்து வந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே எடுக்க எங்கள் வாசல் கதவையே கழற்ற வேண்டியிருந்தது. வேதக்கோயிலில் ஞானப்பாட்டுக்கு ஆர்கன் வாசிக்கும் மகளான நான் வீட்டிலும் பழகட்டும் என்று அம்மா நினைத்திருந்தார். அண்ணாவின் எண்ணம் வேறு. துறைமுகக் கந்தோரில் வேலை செய்த அவர், கப்பல்காரர்களிடம் வாங்கிய இசைத்தட்டுகளை ஊசி தேயும்வரை கேட்டு, ட்ரம்பெட்டில் அப்படியே பிடித்துவிடுவார். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு டான்ஸ் பாண்டில் வாசித்தார்.

"பூசைக்கு வாசிக்கிற மாதிரி இழுக்காதை. ஆக்களின்ர காலுக்குக் கேக்க வேணும்," என்பார்.

எங்கள் இருவருக்கும் பிடித்த பாட்டு ஒன்றில், நடுவே நான் கையை எடுத்துவிட வேண்டும். பியானோ நிற்கும். அந்த வெறும் இடத்தில் ட்ரம்பெட் மட்டும் தனியே ஏறி இறங்கி வரும். அது முடிந்ததும் நான் மறுபடி சேர்ந்துகொள்வேன்.

அண்ணா காய்ச்சலென்று படுத்தார். அந்தக் கிழமையே போய்விட்டார். அம்மா கறுப்பு உடுத்தார். ஒரு வருடத்துக்கு வீட்டில் பாட்டுக் கூடாது, அது எங்கள் ஆட்களின் வழக்கம். றேடியோவைத் துணியால் மூடியாயிற்று. பியானோ மூடியும் சாத்தப்பட்டது. ட்ரம்பெட் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் போயிற்று. செத்தவீடு என்றால் அயலவர்களுக்குக் காது நீண்டுவிடும். ஒரு சுரம் கேட்டிருந்தாலும் ஒழுங்கை முழுக்கக் கதை பரவியிருக்கும்.

ஒரு மாதப் பூசைக்கு பாண்ட் தலைவர் வந்திருந்தார். சாக்ஸபோன் வாசிக்கும் பறங்கிக்காரர், தமிழ் நன்றாகக் கதைப்பார். கோயில் வாசலில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் எங்கட பியானோக்காரன் கப்பல் ஏறுறான். உங்கட துக்கம் முடியிற நேரம் வந்து வாசிச்சுக் காட்டுங்க. விரல் விட்டுப்போயிருந்தா வேற ஆளைத்தான் எடுக்க வேண்டி வரும்."

எனக்கு அந்த இடம் வேண்டும். அதுவரை எதையும் நான் அப்படி விரும்பியதில்லை. அண்ணா இல்லாத வீட்டில் அவருடைய பாட்டும் இல்லாமல் போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் பழகுவது எங்கே? கோயில் ஆர்கனில் சுவிங் வாசித்தால் பூசை வைக்கும் சுவாமி என் காதைத் திருகியிருப்பார். அம்மாவிடம் வாய் திறக்கவே பயம்.

ஆகவே மூடியைத் திறக்காமல் மூடியின் மேலேயே வாசித்தேன். பின்னேரங்களில் விரல்கள் பலகையில் தட்டும். பாட்டு முழுவதும் என் தலைக்குள் ஓடும். கையை எடுக்கும் இடம் வந்ததும் எடுப்பேன். அப்போது ட்ரம்பெட் வரும். நினைவில் வந்ததைச் சொல்லவில்லை. அறைக்குள் வரும், அலுமாரிப் பக்கமிருந்து, அண்ணா மூச்சு இழுக்கும் சத்தத்தோடு. முதல் நாள் பயந்து எழுந்து நின்றுவிட்டேன். குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தமும் அந்த நேரம் நின்றிருந்தது. நாள் போகப் போக அந்தப் பயம் விட்டு, ஒருநாள் அது வராமல் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

துக்க வருடம் முடியச் சில நாட்கள் இருக்கையில் வெள்ளவத்தைக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு. பாண்ட் முழுவதும் இருந்தது. உண்மையான பியானோவின் சத்தம் என்னையே திடுக்கிட வைத்தது. அந்த இடம் வந்தது. கையை எடுத்தேன். ட்ரம்பெட் வரவில்லை. ட்ரம்ஸ்காரரும் நிறுத்திவிட்டார். கடல் இரைவது மட்டும் கேட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார் தலைவர்.

"அதில அண்ணா வாசிக்கிறவர்."

அவர் சாக்ஸபோனை மடியில் வைத்தார். "ஓம், எனக்குத் தெரியும். ஆடுறவங்களுக்குத் தெரியாதே. இடம் விட்டா அவங்க நிண்டுபோவாங்க. அதையும் நீங்களே வாசிங்க."

அண்ணாவின் சுரங்களை வலது கையால் நானே வாசித்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும்வரை அழுதுகொண்டு வந்தேன்.

மறுநாள் பின்னேரம் மூடியின் மேல் அந்தப் புது மாதிரியைப் பழகினேன். கையை எடுக்காமல், அந்த இடத்திலும் தட்டிக்கொண்டே போனேன். குசினியில் சத்தம் நின்றது. அம்மா தேங்காய்ப் பாதியோடு அறை வாசலில் வந்து நின்றார். பிடிபட்டுவிட்டேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏன் பிள்ளை இண்டைக்குக் கையை எடுக்கேல்லை?" என்றார். "நீ தட்டினா, அவன் வாசிக்கிறது எனக்குக் கேக்கேல்லை."

பாண்டில் அந்த இடத்தையும் நானே வாசிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"பாண்டுக்குப் போறதெண்டாப் போ. வீட்டில மட்டும் அவனுக்கு இடம் விடு."

மேடையில் அந்த இடத்தை வாசித்துத்தான் எனக்குப் பேர் வந்தது. வீட்டில் இன்றுவரை கையை எடுத்துவிடுகிறேன். அம்மாவும் போய் எவ்வளவோ காலமாயிற்று. நான் அந்த இடத்துக்கு வரும்போது, ஆளில்லாத குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நிற்கிறது.